மின்தடை பார்த்துக் குறித்த நாள்

திருச்சி,
ஞாயிறு இரவு

மாப்ளே,

திட்டாதே. ஏழு மாதமாக நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை, கணக்கு நேராகிவிட்டது. வீட்டில் எல்லோரும் நலம். சின்னவள் பன்னிரண்டாம் வகுப்பு, ஆகவே வீட்டில் ஊரடங்கு. அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. குண்டன் வேலையை விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்தில் நர்சரி போட்டிருக்கிறான். ட்ரம்ஸை உடைத்த அதே கையால் ரோஜாப் பதியம் போடுகிறான். செடிகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

விஷயம் வேறு. சித்திரையில் நமக்குக் கிட்டார் சொல்லித்தந்த மாஸ்டரின் பேத்தி கல்யாண ரிசப்ஷனில் நான் வாசித்தேன். வாசித்தேன் என்று சொல்வதே பொய். மானம் போனது என்று எழுத வேண்டும்.

என் கிட்டாரில் சேடிலுக்கு, அதாவது கம்பிகள் உட்காரும் கட்டைக்கு, அடியில் அதிர்வை மின்சாரமாக்கும் ஒரு பீசோ பட்டை போட்டிருந்தேன் அல்லவா? சிக்னலைத் தெம்பாக்கும் ப்ரீஆம்ப் கிடையாது, பேட்டரி கிடையாது, வெறும் பட்டையும் ஒரு ஜாக்கும். மைக்செட்காரத் தம்பி கேபிளை வாங்கி நேராக மிக்ஸரின் லைன் இன்புட்டில் சொருகிவிட்டான். நானும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் கார்டு அடித்ததும் கேட்டது கிட்டார் இல்லை, எண்ணெய் டின்னில் ஆணி விழுந்த சத்தம். அடிநாதமே இல்லை. தம்பி பதறிப்போய் பாஸைத் திருகினான், வால்யூமை ஏற்றினான். அடுத்த நிமிஷம் மண்டபம் முழுக்க ஊளை. முன்வரிசையில் ஒரு பாட்டி காதைப் பொத்திக்கொண்டு எழுந்தே போய்விட்டார். மாஸ்டர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பந்தி முடிந்து வெற்றிலை மடிக்கும்போதுதான் வாயைத் திறந்தார். “கிட்டார் கச்சேரின்னு சொன்னாங்களே, எப்போ?”

உனக்கு இப்போது எப்படிச் சிரிப்பு வரும் என்று தெரியும். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

அன்று இரவு தூக்கம் வராமல் உட்கார்ந்து காரணம் தேடினேன். பீசோ என்பது அழுத்தினால் மின்னழுத்தம் தருகிற படிகம். மின்னழுத்தம் தருமே ஒழிய அதற்குத் தெம்பு கிடையாது. எங்கள் ஊர்க் கிணற்றில் ஊற்று சுரப்பதே சொட்டுச் சொட்டாக. அதில் ஐந்து குதிரைசக்தி மோட்டாரைப் போட்டால் என்ன வரும்? சேறு. மிக்ஸரின் லைன் இன்புட் மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு பெரும்பாலும் பத்தாயிரம் ஓம் வாக்கில்தான் இருக்கும். பீசோவுக்கோ குறைந்தது பத்து லட்சம் ஓம் வேண்டும். குறைந்தால் முதலில் காணாமல் போவது அடிநாதம். போன நாதத்தை பாஸ் குமிழைத் திருகித் திரும்பக் கொண்டுவர முடியாது. நடுவில் இரண்டையும் ஒத்துப்போக வைக்கும் ஒரு ஆக்டிவ் டிஐ பாக்ஸ் இருந்திருந்தால் போதும், மிக்ஸரிலிருந்து வரும் 48 வோல்ட்டிலேயே அது ஓடியிருக்கும். இருபத்தைந்து வருஷமாக மேடை ஏறுகிறேன், இது தெரியாமல். நீ என்னை ‘எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா’ என்று கூப்பிட்டதெல்லாம் நியாயம்தான்.

ஊளைக்குக் காரணம் வேறு. கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாகவே முழங்கும். பானை வாயில் ஊதினால் முழங்குவதுபோல. ஸ்பீக்கரிலிருந்து வரும் அதே சுருதி பலகையை ஆட்ட, பலகை அந்தப் பீசோ பிக்கப்பை ஆட்ட, பிக்கப் ஸ்பீக்கரை ஆட்ட, கடைசியில் பாட்டி எழுந்து போகிறார். கிட்டார் ஓட்டைக்கு ரப்பர் மூடி போடலாம், அந்த ஒரு சுருதியை மட்டும் ஈக்வலைசரில் வெட்டலாம், நாலடி தள்ளி நிற்கலாம். நான் செய்தது என்ன தெரியுமா? ஸ்பீக்கருக்கு எதிரிலேயே போய் நின்றேன், போட்டோவுக்கு.

இதில் எனக்கு எரிச்சல் எங்கே என்றால், உன் ‘கதவு’, அந்த ப்ளைவுட் கிட்டார், இருந்திருந்தால் இவ்வளவு ஊளை வந்திருக்காது. ப்ளைவுட் என்று எத்தனை நாள் கேலி செய்திருப்பேன்! 1962இல் பீட்டில்ஸ் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் வாங்கிய கிப்சன் ஜே-160இ கிட்டாருக்கும் மேல்பலகை ப்ளைவுட்தானாம். பிக்கப்போடு மேடையில் வாசிக்கவென்றே செய்த கிட்டார். பலகை கொஞ்சம் மந்தமாக இருந்தால் ஊளை குறையும். நான்தான் ஒட்டுப்பலகை இல்லை, முழுப்பலகை என்று பீற்றிக்கொண்டு கடன் வாங்கி வாங்கினேன். இன்னொன்றிலும் நீ ஜெயித்துவிட்டாய். ஹாஸ்டலில் அந்த ‘அன்பிளக்ட்’ (மின்கருவி இல்லாமல் வாசிப்பது) கேசட்டுக்காக இரண்டு நாள் பேசாமல் இருந்தோமே? நீ சொன்னதுதான் சரி. 1993இல் நிர்வாணா பாடகர் கர்ட் கோபேன் நியூயார்க்கில் வாசித்த அந்த மார்ட்டின் டி-18இ கிட்டாரில் பிக்கப் இருந்தது, அது ஆம்ப்ளிஃபையருக்கும் போனது. பேர்தான் அன்பிளக்ட். அந்தக் கிட்டார் 2020இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. உன் கதவை நான் அறுநூறு ரூபாய்க்குக் கேட்டேன், நீ தரவில்லை.

இனிமேல்தான் நான் எழுத வந்தது.

ரிசப்ஷன் முடிந்து பத்து நாள் கழித்து மாஸ்டரே போன் செய்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றே பேசினேன். “உனக்குப் பதிவு பண்ணத் தெரியுமாப்பா? அந்த மூணையும் பதிஞ்சு வச்சுடலாமான்னு பாக்கறேன்” என்றார். அந்த மூன்று உருப்படிகள், மாப்ளே. நம்மை நோட்ஸ் எழுதிக்கொள்ளவே விடாமல் “காதுல வாங்கு” என்று விரட்டினாரே, அதே மூன்று. அவருக்கு இடதுகை மோதிர விரல் காலையில் மடங்குவதே இல்லையாம். அவர் சொல்லவில்லை, அவர் வீட்டு அக்கா சொன்னார்கள். பதினோரு மணிக்குமேல் கொஞ்சம் இளகுகிறதாம். மார்கழி வந்தால் அதுவும் இருக்காது என்று பயப்படுகிறார்கள்.

மறுநாளே போய்விட்டேன், இரண்டு மைக், லேப்டாப், மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸ், பை நிறைய கேபிள் சகிதம். உறையூர் வீட்டு முன்னறை உனக்குத் தெரியும்: சிமெண்ட் தரை, நாலு பக்கமும் வெறும் சுவர், தலைக்குமேல் கடகடக்கும் ஃபேன். அங்கே கைதட்டினால் சுவர் திரும்பத் தட்டும். முதல் நாள் எல்லாமே தப்பு. சத்தம் ஓட்டையிலிருந்துதானே வருகிறது என்று மைக்கை ஓட்டைக்கு நேரே வைத்தேன். பொம் பொம் என்று அண்டா உருட்டுகிற சத்தம். ஒரு பக்கச் சத்தத்தை மட்டும் வாங்கும் அந்த வகை மைக் கிட்டப் போகப்போக அடிநாதத்தைத் தானே ஊதிப் பெருக்கும். ஓட்டையிலிருந்து வருவதும் அடிநாதம். இரண்டும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? அதைச் சரிசெய்கிறேன் என்று இரண்டாவது மைக்கைத் தோளுக்குமேல் வைத்து, போதாததற்குப் பிக்கப்பையும் சேர்த்து மூன்று டிராக் எடுத்தேன். தனித்தனியே கேட்டால் சுமார். ஒன்றாகச் சேர்த்தால் குழாய்க்குள்ளிருந்து வாசிப்பதுபோல உள்ளே வெறுமை. ஒவ்வொரு மைக்குக்கும் சத்தம் ஒவ்வொரு நேரத்தில் போய்ச் சேருகிறது. ஒரு சாண் தூரத்துக்கு ஒரு மில்லி செகண்ட்கூட இல்லை, ஆனால் அதற்குள் சில சுருதிகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. மாஸ்டர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “மூணு பேர் கேட்டா மூணு பொய் சொல்றாங்க. ஒருத்தனை மட்டும் வச்சுக்கோ” என்றார்.

ஒருத்தனை வைத்துக்கொண்டேன். பிறகு மாஸ்டரை வாசிக்கச் சொல்லி, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, இன்னொரு காதால் அவர் முன்னால் குனிந்து நிமிர்ந்து தேடினேன். அக்கா உள்ளேயிருந்து பார்த்துவிட்டு எனக்குச் சுளுக்கு என்று தைலம் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு எதிரே, ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகமான தூரத்தில், மைக்கின் மூக்கைக் கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்துக்குத் திருப்பியபோது சட்டென்று வந்தது. கம்பி, நகம், பலகை மூன்றும் ஒரே ஆளாக. அரை அங்குலம் நகர்த்தினால் போய்விடும். கெயினையும், அதாவது பதிவின் அளவையும், அடக்கியே வைத்தேன். டூ இன் ஒன்னில் கேசட் பதிந்த காலத்தில் இரைச்சல் தெரியாமலிருக்க முள் சிவப்பைத் தொடும்வரை ஏற்றுவோமே, 24 பிட் டிஜிட்டல் பதிவில் அந்த அவசியம் இல்லை. உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நின்றால் போதும், மாஸ்டர் திடீரென்று ஓங்கி அடித்தாலும் சத்தம் உடையாது.

அறைக்குப் பாய், மெத்தை, அக்காவின் பட்டுப்புடவைகள் தொங்கும் பீரோவைத் திறந்து வைத்தது என்று ஏதேதோ செய்து எதிரொலியை அடக்கிவிட்டேன். அடங்காதது ஃபேன். அது இரைச்சல் மட்டும் இல்லை, இறக்கைகள் சத்தத்தை நறுக்கி நறுக்கித் திருப்பி அனுப்பும், நீண்ட ஸ்வரமெல்லாம் நடுங்கும். ஃபேனை நிறுத்தினால் ஃப்ரிட்ஜ் கேட்கிறது. ஃப்ரிட்ஜை நிறுத்தினால் எதிர்வீட்டு மோட்டார். சுவர் ஒயரிங்கிலிருந்து 50 ஹெர்ட்ஸ் முனகல் வேறு.

அப்போதுதான் பேப்பரில் அந்தக் கட்டம் கண்ணில் பட்டது. பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை 9 முதல் மாலை 4 வரை மின்விநியோகம் இருக்காது. ஜனங்கள் சபிப்பார்கள், நான் துள்ளிக் குதித்தேன். இன்டர்ஃபேஸுக்கும் மைக்குக்கும் லேப்டாப் பேட்டரியே போதும். முகூர்த்த நாள் பார்ப்பதுபோல மின்தடை நாள் பார்த்து வைத்துக்கொண்டோம். பதினொன்றரைக்கு உட்கார்ந்தார். அந்தத் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. ஒரு அணில், தூரத்தில் ஒரு குக்கர் விசில், அவ்வளவுதான். மாஸ்டர் பனியனோடு, கழுத்தில் துண்டு, வியர்வை வழிய வழிய முதலாவதை நாலு தடவை வாசித்தார். இரண்டாவது ஒரே தடவை.

ஹெட்போனில் அவர் மூச்சு கேட்கிறது. கஷ்டமான இடத்துக்கு முன்னால் மூக்கால் ஒரு இழுப்பு இழுப்பார், உனக்கு நினைவிருக்கும், நீ அதைச் செய்து காட்டி அடி வாங்கியிருக்கிறாய். என் மகன் அதை மென்பொருளில் நீக்கித் தருகிறேன் என்றான். தொட்டால் கையை ஒடிப்பேன் என்றேன். ஒரு இடத்தில் மோதிர விரல் சரியாக அழுந்தாமல் கம்பி சிணுங்குகிறது. திரும்ப எடுக்கலாமா என்று கேட்டேன். “அது இருக்கட்டும், அது நான்தானே” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை, லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவதைத் தொடவில்லை. “அதுக்கு ரெண்டாவது கை வேணும்” என்று சொல்லிவிட்டுக் கிட்டாரைச் சாய்த்து வைத்துவிட்டார். நான் வாசிக்கிறேன் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். ரிசப்ஷன் பார்வை.

அந்த இரண்டாவது பாகம் எந்தத் தாளிலும் இல்லை, உன் விரலில்தான் இருக்கிறது. மறந்துவிட்டது என்று எழுதாதே, பத்து நிமிஷம் பிடித்துப் பார்த்தால் கை தானே போகும். மின்தடை அறிவிப்பு ஒரு நாள் முன்னால்தான் பேப்பரில் வரும், அதற்குப் பிறகு நீ பெங்களூருவில் லீவு கேட்டு ரயில் ஏற முடியாது. ஆகவே ஒரு வாரம் தங்குகிற மாதிரி வா. சின்னவளின் ஊரடங்கை உனக்காகத் தளர்த்துகிறேன். மார்கழிக்கு முன்னால் வர வேண்டும்.

கம்பியை ரயிலேறும் அன்றைக்கு மாற்றாதே. இரண்டு நாள் முன்பே மாட்டி வாசித்து வை, புதுக் கம்பியில் விரல் கீச்சிடும் சத்தத்தை மைக் கூட்டிக் காட்டுகிறது. மாஸ்டரின் இன்னொரு கிட்டாரை உனக்குத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், வேண்டாமாம், அந்தக் கதவையே கொண்டுவரச் சொன்னார். அதன் மூன்றாம் கம்பி இன்னும் சுருதியில் நிற்பதில்லையா என்றும் கேட்டார்.

உன்
எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா