யோனாவின் நாலாம் அதிகாரம்

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்காக ஜெபிக்கிறோம்.

5-ஆம் தேதி பணம் வந்து சேர்ந்தது. வங்கியிலிருந்து மெசேஜ் வந்தது, உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. இதோடு ஏழு வாரம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் வந்து உட்கார்ந்த அன்றைக்கும் போனை மடியிலேயே வைத்திருந்தாள். உனக்கு வேலை இருந்திருக்கும். இருந்தாலும் ஐந்து நிமிஷம் கூப்பிட்டிருக்கலாம்.

வெயிலில் ஜாக்கிரதையாக இரு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 12.30-லிருந்து 3.30 வரை வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று ஓமனில் சட்டமே இருக்கிறதாம், பெரியப்பா மகன் சொன்னான். சூப்பர்வைசர் சொன்னாலும் அந்த நேரத்தில் சாரத்தில் ஏறாதே. தலையில் ஈரத்துணி கட்டிக்கொள்.

இங்கே பெங்களூரா மாங்காய் நல்ல காய்ப்பு, விலைதான் இல்லை. மாங்கூழ் ஆலை வாசலில் டிராக்டர்கள் ராத்திரியெல்லாம் வரிசையில் நின்றன. கிணற்றுமேட்டு மரம் இரண்டையும் மட்டும் நான் குத்தகைக்கு விடவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். நீ அனுப்பிய பணத்தில் கூட்டுறவுக் கடன் முழுசாக அடைந்துவிட்டது. ரசீதை பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். இந்த வயசில் தகப்பன் கடனை அடைத்த பிள்ளை நம் தெருவில் வேறு யார் இருக்கிறார்கள் சொல்.

சபையில் ஞாயிறு பள்ளி எடுக்க ஆள் இல்லை என்று என்னையே எடுக்கச் சொன்னார்கள். யோனா புத்தகம் நடத்தினேன். நாலு அதிகாரம், நாலு ஞாயிறு. மொத்தமே 48 வசனம். உட்கார்ந்து வாசித்தால் வைத்த காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். எனக்கு இன்னும் முடியவில்லை.

முதல் ஞாயிறு கீழ்ப்படிதல். கர்த்தர் யோனாவை நினிவே ஊருக்குப் போய் எச்சரிக்கச் சொல்கிறார், அவன் யோப்பாவுக்கு இறங்கிப்போய், கையிலிருந்து கூலி கொடுத்து, தர்ஷீசுக்குக் கப்பல் ஏறுகிறான். பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று, கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் நிற்கிறவனை பெங்களூருக்குப் போகச் சொன்னால் சேலம் பஸ்ஸில் ஏறியது போல என்றேன். நினிவே இருந்த இடம் இன்றைக்கு ஈராக்கில் மோசூல், டைகிரிஸ் ஆற்றங்கரை. உன் அறையில் இருக்கிற பாயைக் கேட்டுப் பார், யூனுஸ் நபி என்று அவர்களும் அவரைக் கொண்டாடுகிறார்கள். அப்புறம் உன்னைத்தான் உதாரணம் சொன்னேன். என் மகன் இதுவரை என் சொல்லைத் தட்டியதே இல்லை என்றேன். சொல்லி முடித்ததும் மேற்கொண்டு பேச வரவில்லை. ஒரு பாட்டுப் பாடச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது ஞாயிறு மனந்திரும்புதல். யோனா புயலில் கடலில் எறியப்பட்டு, மீன் வயிற்றுக்குள் மூன்று நாள் இருந்து செய்த ஜெபம். நல்ல ஜெபம்தான். தண்ணீர் சூழ்ந்தது, கடற்பாசி தலையைச் சுற்றிக்கொண்டது, நீர் என்னைத் தூக்கிவிட்டீர் என்று நன்றி சொல்கிறான். ஆனால் தம்பி, அதை மூன்று தரம் வாசித்தேன். ‘நான் தப்பு செய்தேன்’ என்று ஒரு இடத்தில்கூட இல்லை. இத்தனை வருஷம் பைபிள் வாசித்தும் இது என் கண்ணில் பட்டதில்லை. பயந்தவன் செய்கிற ஜெபம் ஒன்று இருக்கிறது, தப்பை ஒத்துக்கொண்டவன் செய்கிற ஜெபம் வேறு. நான் செய்தது முதல் வகை.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனதை நீயும் அங்கே போனில் பார்த்திருப்பாய். நான் டிவியில் பார்த்தேன். உன் தங்கச்சி பாப்பா குடியிருக்கிற தெரு அதற்குப் பக்கமா தூரமா என்றுகூட எனக்குத் தெரியாது. மூன்று வருஷமாக நான் கேட்டதில்லை. நம்பரை என் போனிலிருந்து அழித்துவிட்டிருந்தேன். அம்மா அடுப்படியில் நின்றபடி பத்து எண்ணையும் பார்க்காமல் சொன்னாள். போட்டேன், போகவில்லை. ராத்திரி முழுக்க முழங்காலில் இருந்தேன். காப்பாற்றும், காப்பாற்றும் என்று மட்டும்தான் வாயில் வந்தது.

பஸ் விட்டதும் முதல் பஸ்ஸில் போனேன். வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு. சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. தூளியில் குழந்தை. பாப்பா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாப்பிடுகிற தட்டால் சேற்றை வழித்து வழித்து பக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைக்கவில்லை. ‘வாங்கப்பா, சாப்பிட்டீங்களா?’ என்றாள். நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து வழித்தேன். சாயங்காலம் வரை வழித்தோம். மாப்பிள்ளை தண்ணீர் சுமந்தார். பழையதை யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அதற்கப்புறம் மாதம் ஒரு தரம் போகிறேன். உன்னிடம் சொல்லவில்லை. அம்மாவையும் சொல்லக் கூடாது என்றேன். ஆறு மாதம் மறைத்தோம். அப்புறம் அம்மா, குட்டி என் மடியில் உட்கார்ந்திருக்கிற படத்தை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். அன்று ராத்திரி பத்தேகாலுக்கு நீ அதைப் பார்த்திருக்கிறாய். அன்றிலிருந்துதான் இந்த ஏழு வாரம்.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மாங்காய் விலையையும் வெயிலையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நினிவேயில் யோனா செய்த பிரசங்கம் எபிரெய மொழியில் ஐந்தே வார்த்தை. நாற்பது நாளில் ஊர் கவிழும், அவ்வளவுதான். திரும்பினால் பிழைப்பீர்கள் என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. 2021-இல் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த சட்டையோடு உன்னிடம் நான் கொடுத்தனுப்பியதும் அவ்வளவுதான். எங்களுக்கு அவள் செத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு வா. நீ ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ‘நான்தான் போகணுமாப்பா?’ என்று ஒரு தரம் கேட்டாய். போ என்றேன். ராத்திரி வந்து, ‘சொல்லிட்டேன்ப்பா’ என்றாய். கேழ்வரகுக் களி ஆறிக் கெட்டிப்பட்டுக் கிடந்தது. நீ சாப்பிடவில்லை.

கர்த்தருடைய வார்த்தை யோனாவுக்கு உண்டாயிற்று. உனக்கு உண்டானது என் வார்த்தை. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் உன்னை நான் வளர்த்தேன்.

நாலாம் அதிகாரத்தில் யோனா கோபித்துக்கொண்டு ஊருக்குக் கிழக்கே குடிசை போட்டு உட்காருகிறான். நினிவே பிழைத்துவிட்டதே என்று அவனுக்கு எரிச்சல், இரக்கமில்லாத மனுஷன் என்றுதான் இத்தனை காலம் சொல்லிக்கொடுத்தேன். இந்தத் தடவை உன் முகம்தான் தெரிந்தது. போய்ச் சொல் என்றவர் மனம் மாறிவிட்டார். போய்ச் சொன்னவன் என்ன செய்வான்? தெருவில் நின்று கத்தியது அவன். அந்த ஜனங்கள் பார்த்தது அவன் முகத்தை. உன் கோபத்தைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன்.

அந்த ஊர் கதைக்கும் நம் வீட்டுக் கதைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே தப்பு செய்தது நினிவே. ராஜாவே சிம்மாசனத்தை விட்டு இறங்கி சாம்பலில் உட்கார்ந்தான், ஆடு மாடுகூட இரட்டு என்கிற சாக்குத்துணி உடுத்தின. அதைப் பார்த்துக் கர்த்தர் மனம் மாறினார். நம் வீட்டில் சாம்பலில் உட்கார வேண்டியவன் நான். நான் உட்காரவே இல்லை, நேராக மன்னித்தவன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதக் கை வரவில்லை, எழுதித்தான் ஆக வேண்டும். ஜனவரியில் பாப்பா ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள், ‘அன்னிக்கு அண்ணன் வந்து அப்படிச் சொன்னானே, நீங்க சொல்லித்தான் வந்தானாப்பா?’ என்று. குட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான், ‘அவன் கோபக்காரன், அவனாகத்தான் வந்திருப்பான்’ என்று சொல்லிவிட்டேன். சபையிலும் யாராவது கேட்டால் அதையேதான் சொல்லிவந்தேன், 2021-லிருந்து. என் மகள் முகத்தில் நான் நல்லவனாகத் தெரிவதற்கு உன்னை விற்றேன், தம்பி. நீ அங்கே வெயிலில் நின்று என் கடனை அடைத்துக்கொண்டிருந்தாய்.

நாலாவது ஞாயிறு ஆமணக்குச் செடியைப் பற்றிச் சொன்னேன். நம் நிலக்கடலைக் காட்டு வரப்பில் நிற்கிற அதே ஆமணக்குதான். கர்த்தர் ஒரு செடியை முளைப்பிக்கிறார், யோனா தலைக்கு நிழல். மறுநாள் விடியற்காலம் ஒரு பூச்சி, செடி போய்விட்டது. காவடிப்புழு விழுந்த ஆமணக்கு இலையைப் பிள்ளைகளுக்குப் பறித்துக்கொண்டு போய்க் காட்டினேன், நரம்பு மட்டும் வலை மாதிரி மிச்சம். அப்புறம் கீழ்க்காற்று, தலையைச் சுடுகிற வெயில். செத்தால் நல்லது என்கிறான். நீ நடாத ஒரு செடிக்கே இப்படி வருந்துகிறாயே, லட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேல் இருக்கிற ஊருக்காக, அத்தனை மிருகங்களுக்காக நான் வருந்தக் கூடாதா என்று கர்த்தர் கேட்கிறார். புத்தகம் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. முன் வரிசையில் ஒரு பெண் குழந்தை, ஆறு வயசு இருக்கும், ‘அப்புறம் யோனா வீட்டுக்குப் போனாரா தாத்தா?’ என்றாள். பைபிளில் இல்லை பாப்பா என்றேன். ‘அவங்கப்பா தேடமாட்டாரா?’ என்றாள்.

வீட்டுக்கு வரவில்லை. அப்படியே ஊத்தங்கரை பஸ் ஏறினேன். பாப்பாவிடம் சொன்னேன். நான்தான் அனுப்பினேன், அவன் போகத் தயங்கித்தான் நின்றான், உன்னிடம் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு நீலக் கலர் ஃபைலை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். வெள்ளத்தன்று அதைத்தான் முதலில் பரண்மேல் தூக்கிப் போட்டாளாம். உள்ளே அவளுடைய பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டிகிரி. நான் பீரோவில் பூட்டி வைத்தது. அவள் ஓடிப்போகும்போது எடுத்துக்கொண்டாள் என்றுதான் நான்கு வருஷமாக அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். ‘அண்ணன் வாசல்ல நின்னு நீங்க சொல்லச் சொன்னதைச் சொல்லிட்டு, சட்டைக்குள்ள இருந்து இதை எடுத்துக் குடுத்தான்ப்பா’ என்றாள். உள்ளே இரண்டாயிரம் ரூபாய் வைத்திருந்தாயாமே. இன்றைக்கு அவள் பார்க்கிற வேலை அந்தக் காகிதங்களால் கிடைத்த வேலை.

அப்படியானால் ஏன் என்னைக் கேட்டாய் என்றேன். ‘நீங்க சொல்வீங்களான்னு பார்த்தேன்’ என்றாள்.

என் சொல்லை நீ தட்டியதே இல்லை என்று பிள்ளைகளிடம் சொன்னேன் அல்லவா. வருகிற ஞாயிறு அதைத் திருத்திச் சொல்லப்போகிறேன். அன்றைக்கு நம் வீட்டில் கர்த்தருக்குக் கீழ்ப்படிந்த ஒரே ஆள் நீதான், பீரோ சாவியை எனக்குத் தெரியாமல் எடுத்தபோது.

என்னை மன்னித்துவிடு. பாப்பாவிடம் பேசு என்றோ உடனே ஊருக்கு வா என்றோ நான் சொல்லமாட்டேன். இனி உன்னிடம் எதையும் கொடுத்தனுப்புவதாக இல்லை, என் வார்த்தையை நானே கொண்டுபோகிறேன். சபையில் யார் யாரிடம் உன்னைப் பற்றி அப்படிச் சொன்னேனோ அவர்களிடமும் போய்ச் சொல்லிக்கொண்டு வருகிறேன். இதுவரை நாலு வீடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவு. சாயங்காலம் அம்மா கூப்பிடுவாள். எடு. நான் பக்கத்தில் இருக்கமாட்டேன், கிணற்றுமேட்டுக்குப் போய்விடுவேன். மரத்தில் கடைசியாக ஏழெட்டுக் காய் விட்டு வைத்திருக்கிறேன், பழுத்துக்கொண்டு வருகிறது.

தலையில் ஈரத்துணி கட்டிக்கொள்ள மறக்காதே. மோர் குடி.

அப்பா