வெளியூரிலிருந்து பெற்றோருக்கு மருந்து வாங்கித் தரும் வாடிக்கையாளர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா என்று பல இடங்களில் வேலையில் இருந்துகொண்டு, கும்பகோணத்திலும் சுற்று வட்டாரத்திலும் தனியே வசிக்கும் பெற்றோருக்கு எங்கள் கடை மூலமாக மாதந்தோறும் மருந்து கொடுத்தனுப்பச் சொல்லும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறோம். அடுத்த மாதம் முதல், ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய முழு மருந்துப் பட்டியல் ஒன்றும், அந்த வீட்டுக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒருவருடைய தொலைபேசி எண்ணும் எங்களிடம் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். வாங்குபவர்களுக்கு இது கூடுதல் தொந்தரவு என்பது தெரியும். ஆகவே காரணத்தையும் சொல்லிவிடுகிறோம்.

ஒரு வீட்டுக்கு மருந்து எங்கள் கடையிலிருந்து மட்டும் போவதில்லை. இதயத்துக்குப் பார்க்கும் மருத்துவர் ஒரு சீட்டு எழுதுகிறார். சர்க்கரைக்குப் பார்ப்பவர் இன்னொன்று எழுதுகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல திட்டம், அதை வாங்க வேண்டாம் என்று நாங்கள் ஒருபோதும் சொல்ல மாட்டோம். ஆனால் அங்கே இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் தனி மாத்திரையாக வந்திருக்க, நாங்கள் அனுப்புவது டெல்மிசார்ட்டானும் அம்லோடிபினும் சேர்ந்த கூட்டு மாத்திரையாக இருந்தால், அட்டையின் பெயரும் நிறமும் வேறாக இருப்பதால் பெரியவர்கள் இரண்டையும் சேர்த்தே போட்டுக்கொள்வார்கள். அதன்பின் கால் வீங்கினாலும், படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றினாலும், வயதாகிவிட்டது என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். விடுமுறையில் வரும்போது நீங்கள் வாங்கி வரும் டைலினால் புட்டியும் இந்தக் கணக்கில் சேரும். அதில் இருக்கும் அசிட்டமினோஃபென், இங்கே டோலோ, கால்பால் என்று விற்கும் அதே பாராசிட்டமால்தான். மூட்டுவலிக்கு டைலினாலையும் காய்ச்சலுக்கு டோலோவையும் ஒரே நாளில் விழுங்கினால் அளவு மீறிக் கல்லீரல் கெடக்கூடும்.

எனவே பட்டியலில் வணிகப் பெயரை மட்டும் எழுதாமல், அட்டையின் பின்புறம் உள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும், காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்ற விவரத்தையும், எழுதித் தந்த மருத்துவர் யார் என்பதையும் குறிப்பிடுங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளும், பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும்கூட அதில் இருக்கட்டும். இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்கு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பெருங்கேடு செய்யும். மருத்துவர் நிறுத்தச் சொன்ன மாத்திரைகளையும் மறவாமல் எழுதுங்கள், ஏனென்றால் அலமாரியில் மிச்சமிருப்பவை பெரும்பாலும் அவைதாம்.

சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய வாடிக்கையாளர்தானே, தூக்க மாத்திரையை மட்டும் அம்மாவுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்கிறீர்கள். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள், மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் எச்1 அட்டவணையில் இருப்பதால், நோயாளியின் பெயரையும் சீட்டு எழுதிய மருத்துவரின் பெயர், முகவரியையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டியது எங்கள் கடமை. அமெரிக்காவில் நீங்களே மருத்துவராக இருந்தாலும், அந்த நாட்டுப் பதிவை வைத்து எழுதும் சீட்டு இங்கே செல்லாது. (இதைச் சொல்லிச் சிலரிடம் கோபம் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.) 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, இங்குள்ள பதிவுபெற்ற மருத்துவர் காணொளியில் பார்த்து எழுதும் சீட்டை வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு ஏற்றுக்கொள்வோம், தூக்க மாத்திரைக்கு அது போதாது.

பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்பதில் நாங்கள் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கப்போகிறோம். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டுக் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடும் ஒருவருக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டும்போது, சில நிமிடங்களில் சர்க்கரைத் தண்ணீரோடு போய் நிற்கக்கூடியவர்தான் உதவுவார். உங்கள் தொலைபேசி அழைப்பு எவ்வளவு அக்கறையானதாக இருந்தாலும் அந்த வேலையைச் செய்யாது. அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. மாடியில் குடியிருப்பவராகவோ, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவாகவோ இருக்கலாம். எங்கள் அனுபவத்தில், ஊரின் மறுகோடியில் இருக்கும் சித்தப்பாவைவிட இவர்களே மேல். அவருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் குழப்பம் வராதபடி, ஒவ்வொரு வேளைக்கும் தனி உறையில் தமிழில் எழுதி மாத்திரைகளைப் போட்டுத் தருவோம்.

அடுத்த மாத மருந்தைக் கொண்டுவரும் எங்கள் ஊழியர், போன மாத அட்டைகளைக் காட்டும்படி கேட்பார். அட்டைகள் 10, 14, 15 என்று வெவ்வேறு எண்ணிக்கையில் வருவதால் சில மாத்திரைகள் மிஞ்சுவது இயல்பு. ஆனால் ஒரு முழு அட்டை பிரிக்கப்படாமலே கிடந்தால், அந்த மருந்து வேளாவேளைக்கு உள்ளே போகவில்லை என்று பொருள். அப்போது முதலில் உங்கள் பெற்றோரிடம்தான் பேசுவோம். அவர்கள் சம்மதித்த பிறகே உங்களுக்குத் தெரிவிப்போம். பணம் கட்டுவது பிள்ளைகள் என்றாலும் மருந்து சாப்பிடுவது அவர்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் காத்திருக்க மாட்டோம்.

இன்சுலின் வாங்குபவர்கள், வாசல் கிரில்லில் பையை மாட்டிவிட்டுப் போகச் சொல்ல வேண்டாம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வைத்தாலும் வீணாகிவிடும். யாராவது கையில் வாங்கினால்தான் கொடுப்போம், இல்லையென்றால் கடைக்கே திரும்பக் கொண்டுவந்துவிடுவோம்.

பட்டியலையும், பக்கத்தில் இருப்பவரின் பெயர், எண் ஆகியவற்றையும் இம்மாதம் 25ஆம் தேதிக்குள் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். பட்டியல் தயாரிக்க முடியாதவர்களுக்காக, வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எங்கள் ஊழியரிடம் கொடுத்தனுப்பினால், கடையில் மருந்தாளுநரே பிரித்து எழுதித் தருவார். இதற்குக் கட்டணம் இல்லை. எழுதியதை உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் மருந்துக்கடை, கும்பகோணம்