2024–25 வேட்டைப் பருவம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வட யார்க்‌ஷயரில் உள்ள நம் சங்க நிலத்தில் ஃபெசன்ட் (கோழி இன வேட்டைப் பறவை) பருவம் வழக்கம்போல அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி 1-ஆம் தேதியோடு நல்லபடியாக முடிந்தது. உறுப்பினர் எண்ணிக்கையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைக்கிறார். ஆகவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்: வெளியாள் தணிக்கை செய்து தரும் தரச்சான்றும், நமக்கு நாமே போட்டுக்கொண்ட விதிகளும்.

2020 பிப்ரவரி 24 அன்று பிரிட்டனின் ஒன்பது வேட்டை, கிராமப்புற அமைப்புகள் சேர்ந்து ஓர் அறிவிப்பு வெளியிட்டன. ஐந்தே ஆண்டுகளில் நச்சு உலோகமான ஈயத்தின் சிறு குண்டுகள் (ரவை) நிரப்பிய தோட்டாவையும், தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் அடைப்பையும் நாமாகவே கைவிட்டுவிடுவோம் என்பதுதான் அது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தலைமையிலான ஆய்வுக் குழு ஒவ்வொரு பருவத்திலும் கடைகளில் ஃபெசன்ட் வாங்கி, உள்ளே இருந்த ரவையைச் சோதித்தது. முதல் பருவத்தில் ரவை கிடைத்த 180 பறவைகளில் 179-இல் ஈயம். 2022–23-இல் இது 94 சதவீதத்துக்கு இறங்கியபோது நம்மில் பலரும் சந்தோஷப்பட்டோம். கெடு முடிந்த 2024–25 பருவத்தில் மறுபடியும் 99 சதவீதம். 2025 ஜூலையில் அரசே ஈயத் தோட்டாவுக்குத் தடையை அறிவித்துவிட்டது. 2029 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வரவேண்டும்.

இது எனக்கு வருத்தமான செய்தி. தடை வந்ததால் அல்ல. ஊரறியக் கொடுத்த வாக்கு காற்றோடு போனதால். ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். அந்த வாக்குறுதியில் எல்லாம் இருந்தது. சரிபார்க்க ஓர் ஆள் மட்டும் இல்லை.

“அதான் சட்டம் வரப்போகிறதே, இனி சான்று எதற்கு, தணிக்கைக் கட்டணம் எதற்கு?” என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்கு ஒரு பழைய கதையை நினைவூட்டுகிறேன். இங்கிலாந்தில் வாத்துகளை ஈய ரவையால் சுடுவது 1999 முதலே சட்டவிரோதம். ஆனால் 2013–14-இல் கடைகளில் வாங்கிச் சோதித்த வாத்துகளில் 77 சதவீதம் ஈயத்தால்தான் சுடப்பட்டிருந்தன. சட்டமானாலும் சுயக்கட்டுப்பாடானாலும், வந்து பார்க்க யாரும் இல்லையென்றால் அது காகிதத்தோடு சரி.

அதனால்தான் வெளியாள் வந்து பார்க்கும் தணிக்கையை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். 2018-இல் பிரிட்டிஷ் கேம் அலையன்ஸ் என்ற வேட்டை இறைச்சி அமைப்பு தொடங்கிய தரச்சான்று முறையின் அடிப்படையும் அதுதான். பின்னர் பெயரும் நிர்வாகமும் மாறின; தணிக்கை என்ற கொள்கை மாறவில்லை. நம் நிலத்துக்கு வந்த தணிக்கையாளர் முதலில் கேட்டது பறவைகளுக்குக் கொடுத்த மருந்துகளின் பதிவேட்டை. அடுத்து, குஞ்சுகளை விடும் அடைப்பை நடந்தே அளந்தார். ஹெக்டேருக்கு 1,000 ஃபெசன்டுக்கு மேல் கூடாது, பழமையான இயற்கைக் காடென்றால் 700 என்பது வேட்டை விலங்கு, வனவாழ்வுப் பாதுகாப்பு அறக்கட்டளை (GWCT) சொல்லும் அளவு. வேட்டைப் பறவைகளை வளர்த்துப் பராமரிக்கும் நம் கேம்கீப்பர் அதற்கும் குறைவாகவே விட்டிருந்தார். கடைசியில் குளிரறை. பறவைகள் குவியலாகக் கிடக்கின்றனவா, காற்றோட்டமாக ஜோடி ஜோடியாகத் தொங்குகின்றனவா என்று பார்த்தார். ஒரு பறவையின் நெஞ்சுக்கறிக்குள் வெப்பமானியைக் குத்தி, எண் நிலைக்கும்வரை காத்திருந்தார். 4 டிகிரிக்குள் இருக்க வேண்டும், இருந்தது. சன்னலில் அடித்திருந்த ஈ வலையைக்கூட விரலால் அழுத்திப் பார்த்தார். இப்படி ஒருவர் வந்துபோனால்தான் இறைச்சி வாங்குபவரிடம் தைரியமாகப் பேச முடியும்.

வாங்குபவர்களும் முன்போல இல்லை. ஈயமில்லாத வேட்டை இறைச்சியை மட்டுமே விற்போம் என்று வெயிட்ரோஸ் பேரங்காடி 2019-இலேயே அறிவித்தது. சுடும் பறவைகள் எங்கே போகும் என்பதை வேட்டை நாளுக்கு முன்பே உறுதி செய்ய வேண்டும் என்று நல்ல வேட்டை நடைமுறைத் தொகுப்பும் சொல்கிறது. உணவாகப் போகாத பறவையைச் சுடுவதற்கு என்னிடம் எந்த நியாயமும் இல்லை. உங்களிடமும் இருக்காது என்று நம்புகிறேன்.

சிறிய சங்கங்களுக்குத் தணிக்கைச் செலவு பாரம்தான், மறுக்கவில்லை. அக்கம்பக்கத்துச் சங்கங்களோடு சேர்ந்து ஒரே வாரத்தில் தணிக்கை வைத்துக்கொண்டால் செலவு குறையுமா என்று செயற்குழு விசாரித்து வருகிறது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். முதலாவது, 2029 வரை காத்திராமல் வரும் பருவத்திலிருந்தே நம் நிலத்தில் ஈயத் தோட்டா கூடாது. காலையில் நிற்கும் இடத்துக்குச் சீட்டு எடுக்கும்போதே ஒவ்வொருவரின் தோட்டாப் பையையும் அன்றைய பொறுப்பாளர் திறந்து பார்ப்பார். விருந்தினர், தலைவர், நான் உட்பட யாருக்கும் விலக்கு இல்லை. இரண்டாவது, இறைச்சி வியாபாரி முன்கூட்டியே ஒப்புக்கொள்ளாத நாளில் வேட்டை இல்லை.

பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. எஃகு ரவை தாங்குமா என்பதைத் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் காட்டிக் கேளுங்கள். தாங்காது என்றால் எஃகைவிட மென்மையான பிஸ்மத் உலோக ரவை இருக்கிறது, விலைதான் கூடுதல். மொத்தமாக வாங்கினால் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

மழையிலும் சேற்றிலும் காட்டைக் கலைத்துப் பறவைகளைக் கிளப்பியவர்களுக்கும், விழுந்த பறவைகளை நாய்களோடு தேடியெடுத்தவர்களுக்கும், கேம்கீப்பருக்கும் சங்கத்தின் நன்றி.

கவுதாரிப் பருவம் செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது. பிஸ்மத் தோட்டா வேண்டுபவர்கள் துப்பாக்கியின் அளவையும் தேவையான பெட்டிகளையும் எழுதி, இன்றைய கூட்டம் முடிவதற்குள் பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்