நாக்கைக் கொடுத்தவள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள். "இப்போதான் நல்லா தெரியுதே" என்று பாதியில் நிறுத்திவிடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு? என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இவர் ஓய்வு பெற்ற கையோடு என் புத்தக அலமாரியில் கைவைத்துவிட்டார். எல்லாவற்றையும் உயர வரிசையில் அடுக்கியிருக்கிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, தேடினால் ஒன்றும் அகப்படவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கடல்கன்னி படத்தைப் பார்த்துவிட்டுப் பேத்தி, "நிஜக் கதையிலயும் கல்யாணம் ஆச்சா பாட்டி?" என்று கேட்டாளாம், நீ பேச்சை மாற்றிவிட்டாயாம். சொல்லியிருக்கலாம் என்பேன் நான்.

1837இல் டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் எழுதிய மூலக் கதையிலும் கல்யாணம் உண்டு, மணப்பெண்தான் வேறு ஒருத்தி. தன்னைக் கடலிலிருந்து காப்பாற்றியவள் அவள்தான் என்று இளவரசன் நம்புகிறான். உண்மையில் காப்பாற்றிய கடல்கன்னி பக்கத்திலேயே நிற்கிறாள். கால் வேண்டுமென்று சூனியக்காரியிடம் நாக்கைக் கொடுத்துவிட்டவள், எப்படிச் சொல்வாள்? விடிவதற்குள் அவன் நெஞ்சில் கத்தியை இறக்கினால் அவளுக்கு வால் திரும்பக் கிடைக்கும். அந்தக் கத்திக்காக அக்காமார் ஐந்து பேரும் தலைமுடியைச் சூனியக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். கூடாரத் திரையை விலக்கிப் பார்க்கிறாள். அவன் தூக்கத்தில் புது மனைவியின் பெயரைச் சொல்கிறான். கையில் கத்தி நடுங்குகிறது. அதைத் தூரக் கடலில் வீசிவிட்டுத் தானும் குதிக்கிறாள்.

இதை எதற்கு மறைக்க வேண்டும்? அவனுக்காக எதையும் கொடுப்பாள் என்பது முன்பே தெரிந்ததுதான். எதைச் செய்ய மாட்டாள் என்பது இங்கேதான் தெரிகிறது. 1989இல் வந்த படம் அவளுக்குக் குரலையும் மாப்பிள்ளையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்த இடத்தைப் பிடுங்கிக்கொண்டது. குழந்தைகள் இதையெல்லாம் தாங்குவார்கள். நாமும் சின்ன வயதில் கேட்டு அழுதவர்கள்தானே. ஆனால் அதற்கப்புறம் அவள் காற்றின் மகள்களில் ஒருத்தியாகி ஓர் ஆன்மாவுக்காகக் காத்திருக்கும் பகுதியை மட்டும் விட்டுவிடு. நல்ல பிள்ளையைக் கண்டால் அவளுடைய காத்திருப்பில் ஒரு வருஷம் குறையுமாம், கெட்ட பிள்ளையைக் கண்டு அழுதால் ஒவ்வொரு துளிக்கும் ஒரு நாள் கூடுமாம். அவ்வளவு நேரம் அருமையாகக் கதை சொன்ன மனுஷன் கடைசியில் பிரம்பை எடுத்துவிடுகிறார்.

இந்த முறை படித்தபோது வேறோர் இடத்தில் நின்றுவிட்டேன். பதினைந்து வயது நிறையும் அன்று அவள் வாலில் பாட்டி எட்டுச் சிப்பிகளைக் கவ்வ வைக்கிறாள். அரச குடும்பத்து அடையாளம் அது. வலிக்கிறது என்கிறாள் பெண். அந்தஸ்து என்றால் பொறுத்துத்தான் ஆக வேண்டும் என்கிறாள் பாட்டி. தலையில் வைத்த கனமான மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தோட்டத்துச் சிவப்புப் பூக்களை வைத்துக்கொள்ளத்தான் அவளுக்கு ஆசை, துணிச்சல் வரவில்லை. ஆக, கரைக்கு வருவதற்கு முன்பே வலி தொடங்கிவிட்டது. கால் முளைத்தபின் ஒவ்வோர் அடியும் கத்தி முனையில் வைப்பது போல இருந்தது என்று வருகிறதே, மாடிப்படி ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த வரி ஞாபகம் வருகிறது.

இன்னொன்று யோசித்துப் பார். ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிசியில், பாடிப் பாடிக் கப்பலில் போகிறவர்களை இழுக்கும் சைரன்கள் வருகிறார்கள். அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று ஹோமர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கிரேக்க ஜாடிகளில் பறவை உடலோடு வரைந்திருக்கிறார்கள், மீன்வால் இடைக்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. ஹோமரிடம் அவர்கள் வெறும் குரல்தான். அந்தக் குரலும் காதலைச் சொல்லி அழைக்கவில்லை. "ட்ராயில் நடந்தது எங்களுக்குத் தெரியும், பூமியில் நடப்பதெல்லாம் தெரியும், வந்து கேட்டுப் போ" என்றுதான் அழைக்கிறது. காவிய நாயகன் ஒடிசியஸ் தோழர்களின் காதில் மெழுகை அடைத்துவிட்டு, தான் மட்டும் பாய்மரத்தில் கட்டுண்டு கேட்கிறான். அப்படிப்பட்ட பரம்பரையில் வந்தவளுடைய நாக்கைத்தான் ஆண்டர்சன் அறுத்துவிட்டார். முன்னவர்களுக்குக் குரல் மட்டும் இருந்தது, உடம்பு தெரியவில்லை. இவளுக்கு உடம்பு இருக்கிறது, குரல் போயிற்று. ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்கா 1917இல் எழுதிய ஒரு குட்டிக்கதையில், சைரன்களிடம் பாட்டைவிடப் பயங்கரமான ஆயுதம் மௌனம் என்கிறார். அது எனக்கு ஆண்டர்சனுக்குச் சொன்ன பதில் போலத் தோன்றும். அவர் அப்படி நினைத்து எழுதவில்லை என்றாலும்தான்.

கோபன்ஹேகன் துறைமுகத்தில் ஆண்டர்சனின் கடல்கன்னிக்கு 1913இல் சிலை வைத்தார்கள் இல்லையா? 1964இல் யாரோ அதன் தலையை அறுத்துக்கொண்டு போனார்கள். 1998இல் மறுபடியும். ஏற்கெனவே நாக்கில்லாதவள்.

இந்தக் கதைகளில் என்னை உறுத்துவது இதுதான்: கடலிலிருந்து வருகிறவளே எப்போதும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். கரையில் இருப்பவனுக்குச் செலவே கிடையாது. ஜெர்மன் எழுத்தாளர் ஃபூக்கே 1811இல் எழுதிய உண்டைன் கதையில் நீர்ப்பெண்ணுக்கு ஆன்மா வேண்டுமென்றால் மனிதனைக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிக்கொள்கிறாள், ஆன்மாவோடு சேர்ந்து துக்கமும் வருகிறது. ஸ்காட்லாந்துப் பக்கத்து நாட்டார் கதைகளில் கடல்நாய்த் தோலைக் கழற்றி வைத்துவிட்டுக் கரையேறும் பெண்கள் உண்டு. ஒருவன் அந்தத் தோலை ஒளித்துவைத்து அவளை மனைவியாக்கிக்கொள்வான். பிள்ளைகள் பிறக்கும். என்றைக்காவது தோல் கையில் கிடைத்தால் அன்றைக்கே போய்விடுவாள். ஆங்கிலக் கவிஞர் மாத்யூ ஆர்னால்டு 1849இல் இதைத் திருப்பிப் போட்டு ஒரு கவிதை எழுதினார். அதில் கடல்வாசி அப்பன், மனைவிதான் கரைக்காரி. பிரார்த்தனைக்கென்று மேலே போனவள் திரும்பவில்லை. அப்பனும் பிள்ளைகளும் தேவாலயத்துக்கு வெளியே கல்லறைகள்மேல் ஏறி நின்று கண்ணாடிச் சன்னல் வழியாக அவளைக் கூப்பிடுகிறார்கள். அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மழையில் தேய்ந்த அந்தக் கல்லறைகளில் குழந்தைகள் ஏறி நிற்கும் இடத்தை என்னால் வேகமாகக் கடக்க முடிவதில்லை.

ஆண் செலவு செய்யும் கதை ஒன்று உண்டு, நீ படித்தே ஆக வேண்டும். இத்தாலிய எழுத்தாளர் லாம்பெதூசா தம் கடைசிக் காலத்தில் எழுதியது, இறந்தபின் 1961இல் வெளிவந்தது. கிரேக்க இலக்கியத்தில் பெரிய பெயர் வாங்கிய, யாரையும் மதிக்காத ஒரு கிழப் பேராசிரியர். இளவயதில் சிசிலிக் கடலோரத்தில் ஒரு சைரனோடு ஒரு கோடையில் சில வாரங்கள் வாழ்ந்தவர். அதற்குப் பிறகு எந்த மனிதப் பெண்ணும் அவர் கண்ணுக்குப் படவில்லை. முதுமையில் ஒரு கப்பல் பயணத்தில் இரவு கடலில் விழுந்துவிடுகிறார். உடல் கிடைக்கவில்லை. அவர் தவறி விழுந்தார் என்று நான் நம்பவே மாட்டேன்.

நம் பக்கம் எப்படி என்று கேட்பாய். மணிமேகலா தெய்வத்தை எடுத்துக்கொள். கடலில் தத்தளித்த கோவலனின் முன்னோன் ஒருவனைக் கரைசேர்த்தது, அந்த நன்றியில்தான் மாதவியின் பெண்ணுக்கு அந்தப் பெயர். பாலி ஜாதகக் கதையில் மகாஜனகனைத் தூக்கி வருவதும் இதே தெய்வம்தான். காப்பாற்றும், போய்விடும். காதல் கிடையாது, கைம்மாறு கேட்பது கிடையாது. இந்திர விழாவை மறந்தபோது புகாரைக் கடல் கொள்ளவிட்டதும் அதுவேதான், அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தாய்லாந்து ராமாயணத்தில் வரும் சுவர்ணமச்சாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வால்மீகியிலும் கம்பனிலும் இவள் கிடையாது. ராவணனின் மகள், கடல்கன்னி. அனுமன் சேதுவுக்குப் போடுகிற கற்களைத் தன் கூட்டத்தோடு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். என்னடா என்று அனுமன் முங்கிப் பார்க்கப் போய், காதலில் முடிகிறது! மச்சானு என்று பிள்ளையும் பிறக்கிறான், குரங்கு உடம்பு, மீன்வால். நம்மூர்க்காரர் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். ஆனால் இங்கே யாரும் நாக்கைக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கடலிலேயே இருக்கிறாள், வாலோடு.

குறுந்தொகையில் அம்மூவனார் பாட்டு ஒன்று, 163ஆவது. கடல்கன்னி அதில் வருவதே இல்லை. நடு இரவில் ஒருத்தி தூங்காமல் படுத்திருக்கிறாள். துறையில் குருகுகள் வெள்ளாட்டு மந்தை போலப் பரந்து நிற்கும், தாழை வெள்ளையாகப் பூத்திருக்கும், அலை வந்து அதை அலைக்கும். அந்தக் கடலைப் பார்த்து "யார் அணங்குற்றனை கடலே" என்று கேட்கிறாள். உன்னை யார் இப்படிப் படுத்தினார்கள், இந்த நேரத்திலும் உன் குரல் கேட்கிறதே என்கிறாள். மேல்நாட்டுக் கதைகளில் கடலில் இருப்பது மனிதனை மயக்கும். இங்கே கடலே மயங்கிக் கிடக்கிறது, தூக்கம் கெட்டவள் அதற்கு ஆறுதல் சொல்லாத குறைதான். ஐந்தே அடியில் முடிந்துவிடுகிறது. ஆண்டர்சனை நான் இன்னும் விரும்பிப் படிப்பேன், ஆனால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

பேத்திக்கு ஆண்டர்சனைச் சொல்லிய மறுநாள் சுவர்ணமச்சாவையும் சொல். இரண்டில் எவள் கெட்டிக்காரி என்று அவளையே கேட்டு எழுது. லாம்பெதூசா இந்த அலமாரியில் எங்கேயோ இருக்கிறார், கிடைத்ததும் அனுப்பிவைக்கிறேன். குட்டையான புத்தகம், கீழ்த்தட்டில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி