புதர் வெட்டும் டிராக்டரின் கத்திகளும் பட்டறை வெல்டிங்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்துவிட்டால், மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரை கண்மாய்க் கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் தென்னந்தோப்புகளிலும் இடுப்பளவு மண்டிக் கிடக்கும் புல்லையும் சீமைக்கருவேலங் கன்றுகளையும் வெட்டி ஒழிக்கும் வேலை தொடங்கிவிடும். ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டபடியால், டிராக்டரின் பின்னால் மாட்டி ஓட்டும் ஸ்லாஷர் இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்போரை இப்போது ஊருக்கு ஊர் காண முடிகிறது. ஆனால், அதன் கத்தியைப் பேணுவதில் அரிவாளுக்குச் சாணை பிடித்த பழக்கமே இன்னும் தொடர்கிறது. இதனால் இயந்திரம் கெடுவதோடு, பக்கத்தில் நிற்பவர்களின் உயிருக்கும் ஆபத்து இருக்கிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

பின்னால் மாட்டும் இயந்திரத்துக்கு எஞ்சினின் விசையைக் கொடுக்கும் டிராக்டரின் பிடிஓ தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழல்கிறது. ஸ்லாஷரின் கியர்பாக்ஸ் அந்த வேகத்தைக் கூட்டிக் கத்திகளுக்கு அனுப்புகிறது. ஐந்தடி அகலமுள்ள இயந்திரத்தில் கத்தி நிமிடத்துக்கு 800 சுற்று சுழல்வதாகக் கொண்டால், மையத்திலிருந்து 75 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் அதன் முனை மணிக்கு ஏறத்தாழ 225 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. இந்தக் கத்திகள் இறுக்கி முடுக்கப்பட்டவையும் அல்ல. தடித்த போல்ட் ஒன்றில் தளர்வாகத் தொங்கி, சுழலும் வேகத்தால் மட்டுமே நீட்டி நிற்பவை. கல்லோ மரக்கட்டையோ குறுக்கிட்டால் பின்னால் மடங்கி, அதைத் தாண்டியதும் மீண்டும் விரிந்துகொள்ளும். கத்தி அந்த இடத்தில் ஆடாமல் துருப்பிடித்து இறுகிக் கிடந்தால், முதல் கல்லிலேயே அடி முழுவதும் கியர்பாக்ஸின் தலையில் விழும்.

சாணை பிடிப்பதில் பலர் கைக்கொள்ளும் முறை தவறானது. கையிலுள்ள அரிவாள் இழுத்து அறுப்பது. அதற்குக் கூர் வேண்டும். ஸ்லாஷர் கத்தியோ வேகத்தால் அடித்து வெட்டுவது. முகம் மழிக்கும் அளவுக்கு அதைத் தீட்டினால் அந்த மெல்லிய விளிம்பு முதல் நாளே பல் பல்லாகப் பெயர்ந்துவிடும். வெட்டு விளிம்பில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பை விட்டுத் தீட்டும்படிதான் தயாரிப்பாளர்களின் கையேடுகள் சொல்கின்றன. கம்பெனியிலிருந்து வந்தபோது எந்தப் பக்கம் சரிவு இருந்ததோ அந்தப் பக்கத்தை மட்டும், அதே சரிவில் தீட்ட வேண்டும். மறுபுறத்தைக் கல் தொடவே கூடாது. ஆங்கிள் கிரைண்டரை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் விளிம்பில் நீல நிறம் ஏறும். அந்த நிறம் தெரிந்தால் அவ்விடத்து எஃகு பதம் இழந்துவிட்டது என்று பொருள். அது சீக்கிரமே மழுங்கும். எனவே நீளவாக்கில் மெல்ல மெல்ல ஓட்டி, இடையிடையே ஆறவிட்டுத் தீட்டுவதே முறை. அவசரப்படும் பட்டறைகளில் இதற்குப் பொறுமை கிடையாது என்பது வேறு கதை.

இதைவிட முக்கியமானது கத்திகளின் எடை. ஒரு கத்தியில் பெரிய பள்ளம் விழுந்திருக்கிறது என்பதற்காக அதை மட்டும் கழற்றித் தீட்டி மாட்டுவது நம் பக்கத்தில் அன்றாடம் நடக்கிறது. இரண்டு கத்திகளுக்கும் இடையில் வெறும் 100 கிராம் வித்தியாசம் இருந்தாலும், மையத்திலிருந்து 70 சென்டிமீட்டர் தொலைவில் அந்த வேகத்தில் அது சுமார் 50 கிலோ எடைக்கு ஈடான விசையாக, வினாடிக்கு 13 முறை திசை மாறி மாறித் தண்டை இழுக்கும். முதலில் டிராக்டர் இருக்கையில் ஓர் அதிர்வு தெரியும். பிறகு கியர்பாக்ஸின் அடியில் ஆயில் கசியும். சீல் போனதென்று சீலை மாற்றுவார்கள். ஒரு மாதத்தில் பேரிங் போகும், அதையும் மாற்றுவார்கள். கத்தியை யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஊர் மளிகைக்கடையில் உள்ள எலெக்ட்ரானிக் தராசு போதும். இரண்டையும் கழற்றி, மண்ணையும் ஒட்டிய புல்லையும் சுரண்டி, ஒன்றன்பின் ஒன்றாகத் தராசில் வைத்து, கனமாக இருப்பதை இன்னும் சற்றுத் தீட்டிச் சமன் செய்துவிடலாம். தேய்மானம் மிஞ்சிவிட்டால் ஜோடியாகவே புதிதாக வாங்க வேண்டும். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று மாட்டுவது கூடவே கூடாது.

என்னை இக்கடிதம் எழுத வைத்தது வெல்டிங்தான். தேய்ந்துபோன விளிம்பில் வெல்டிங் ராடால் உலோகம் ஏற்றுவது, ஒடிந்த முனைக்குப் பதிலாக லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டை ஒட்டவைப்பது, வளைந்த கத்தியை அடுப்பில் காய்ச்சி அடித்து நிமிர்த்துவது ஆகிய மூன்றும் இங்கே சர்வ சாதாரணமாக நடக்கின்றன. புதுக் கத்தியின் விலையோடு ஒப்பிட்டால் கூலி குறைவு என்பதே காரணம். கத்தி எஃகு, கடினமும் வளைந்து கொடுக்கும் தன்மையும் ஒருங்கே இருக்கும்படி பதமேற்றப்பட்டது. வெல்டிங் சூட்டில் ஒட்டிய இடத்தை அடுத்த பகுதி கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடைகிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுகிறது. எங்கள் ஊர்த் தோப்பு ஒன்றில், இப்படி ஒட்டவைத்த துண்டு ஒடிந்து பறந்து ஒரு தென்னையின் அடிமரத்தில் இரண்டு விரல் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. அதைப் பிடுங்கிப் பார்த்தபோது, ஒடிந்த முகத்தில் பாதி துருவேறிப் பழுப்பாகவும் மீதிப் பாதி வெள்ளியாய்ப் பளபளப்பாகவும் இருந்தது. பழுப்பான பாதி என்றோ விரிசல் விட்டு ஈரம் ஏறிய பகுதி. பளபளத்தது அன்றைக்கு ஒடிந்த பகுதி. அந்த விரிசலோடு அந்தக் கத்தி எத்தனை தோப்புகளில், எத்தனை கால்வாய்க் கரைகளில் சுழன்றிருக்குமோ! பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரை ஒட்டி வெட்டிய நாளில் அது ஒடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே உடல் நடுங்குகிறது. ஸ்லாஷரிலிருந்து தெறிக்கும் கல்லே 100 மீட்டரைத் தாண்டிப் போகக்கூடும். அப்படியிருக்க, பின்புறம் தொங்கவேண்டிய தடுப்புச் சங்கிலிகள் பாதி அறுந்த நிலையில் வரும் இயந்திரங்களே அதிகம்.

போல்ட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். கத்தி போல்ட் தேய்ந்தால் லேத்தில் சாதாரண இரும்புக் கம்பியைக் கடைந்து போடுகிறார்கள். அதன் இடத்தில், தலையில் உறுதித் தரத்தைக் காட்டும் 8.8 அல்லது 10.9 போன்ற எண் பொறித்த உறுதியான போல்ட்டையே, கையேட்டில் சொன்ன தரத்தில் மாட்ட வேண்டும். தானாகப் பூட்டிக்கொள்ளும் நட்டை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிதாக மாற்ற வேண்டும். கத்தியைக் கழற்றக் கீழே குனிவதற்கு முன் எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, இயந்திரத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக்கை நம்பாமல் கனமான முட்டுக் கொடுக்க வேண்டும்.

ஒரு செய்தியை இடையே குறிப்பிட விரும்புகிறேன். சீமைக்கருவேலத்தை ஸ்லாஷரால் ஒழித்துவிடலாம் என்று சிலர் நம்புகின்றனர். வெட்டிய கட்டையிலிருந்து அது மீண்டும் கொத்தாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்கினாலன்றிப் போகாது. மணிக்கட்டுப் பருமன் தாண்டிய மரத்தில் ஸ்லாஷரை ஏற்றுவது, கத்திக்கும் கியர்பாக்ஸுக்கும் வீண் கேடு.

வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிகளுக்கு இயந்திரங்களை வாடகைக்கு வழங்குகிறது. உழவன் செயலி வழியாகவே பதிவு செய்துகொள்ளும் வசதியும் இருக்கிறது. அத்துறை நடத்தும் பயிற்சிகளில் டிராக்டர் ஓட்டுவதோடு, கத்தியைக் கழற்றி எடை பார்த்துத் தீட்டும் முறையையும் அரை நாள் செயல்விளக்கமாகக் காட்டினால் பெரிதும் உதவும். புதர் அகற்றும் பணிக்குத் தனியார் இயந்திரங்களை அமர்த்தும் ஊராட்சிகள், வெல்டிங் செய்த கத்தியோ அறுந்த சங்கிலியோ உள்ள இயந்திரத்தை வேலைக்கு ஏற்பதில்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். பள்ளி, அங்கன்வாடி அருகே வெட்டும் பணியை விடுமுறை நாளுக்கு ஒதுக்கலாம். இதற்குப் பணம் எதுவும் தேவையில்லை. வாடகைக்கு எடுக்கும் விவசாயிகளும், இயந்திரம் வரப்பில் இறங்குவதற்கு முன், கத்தி ஜோடியை எப்போது மாற்றினீர்கள் என்று ஓட்டுநரிடம் கேட்டு, முட்டுக் கொடுத்த இயந்திரத்தின் அடியில் வெல்டிங் தழும்பு தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தழும்பு தெரிந்தால் அந்த இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
சோழவந்தான், மதுரை மாவட்டம்.