எபாக்சிக்குள் கட்டிகள்: செல்வத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் சோதனைத் தாளும் வந்து சேர்ந்தன. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தியில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கு எல்லோரும் சுகம்.

எபாக்சி ரெசினில் (ஹார்டனர் சேர்த்தால் இறுகும் பிசின்) 1% கார்பன் நானோகுழாய் (கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கார்பன் குழாய்களின் பொடி) கலந்ததில் விறைப்பு சற்றே கூடி, முறியும் வலு வெறும் ரெசினைவிடக் குறைந்துவிட்டது என்கிறாய். குற்றம் குழாயில் இல்லை, கட்டிகளில் இருக்கிறது. பிரியாத கட்டியின் நடுவுக்குள் ரெசின் ஊறாது. இழுத்தால் முதலில் பிளப்பது அங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். குழாயின் யங் குணகம் (விறைப்பின் அளவு) சுமார் 1000 ஜிகாபாஸ்கல், எபாக்சிக்கு 3. ஆனால் நான் சொல்லப்போகும் அளவான, எடையில் 0.3% என்பது கன அளவில் 0.2%தான். 1000இல் அது 2 ஜிகாபாஸ்கல். குழாய்கள் எல்லாத் திசையிலும் கிடப்பதால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும்: 0.4 ஜிகாபாஸ்கல். அதுவும் உச்ச வரம்பு. பலசுவர்க் குழாயில் உள்சுவர்கள் வழுக்கிக்கொண்டு பாரம் ஏற்காது. விறைப்புக்காக மட்டும் இதைச் சேர்ப்பது என்னைக் கேட்டால் வீண் செலவு. மின்கடத்தலுக்கு என்றால் சரி. நன்றாகப் பிரிந்திருந்தால் 0.1%க்குக் கீழேயே மின்சாரம் பாயும்.

0.3%க்கு இறங்கு. 100 கிராம் ரெசின், 13 கிராம் டெட்டா ஹார்டனர் (ரெசினை இறுகவைக்கும் அமீன் திரவம்) என்றால் குழாய் 0.34 கிராம். மூன்று உருளை மில் கிடைத்தால் அதுவே மேல். 1% கெட்டிக் கலவையாக அரைத்து, அதில் 34 கிராமை 66 கிராம் வெறும் ரெசினில் கரை. கெட்டியாக இருந்தால்தான் உருளையின் உரசல் கட்டியை உடைக்கும். இடைவெளியை 90 மைக்ரானில் தொடங்கிப் படிப்படியாக 5 வரை இறக்கு.

சோனிகேட்டர்தான் (ஒலியதிர்வால் கட்டியை உடைக்கும் கருவி) என்றால் அசிட்டோனில், பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, 10 விநாடி ஓட்டி 10 விநாடி நிறுத்து. மணிக்கணக்கில் ஓட்டினால் குழாய்கள் நறுங்கிவிடும். பிறகு அசிட்டோனை விரட்ட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். 60–70 டிகிரியில், புகைக்கூண்டுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வக அலமாரி), தீப்பொறிக்கு எட்டாமல் ஆவியாக்கிவிட்டு, எடை மாறாமல் நிற்கும்வரை வெற்றிடத்தில் வை. மிச்ச அசிட்டோன் அமீனோடு வினைபுரிந்து ஹார்டனரைத் தின்றுவிடும். கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (இறுகிய ரெசின் இளகத் தொடங்கும் சூடு) இறங்கியிருந்தால் முதலில் இதைச் சந்தேகி.

காற்றுக் குமிழிகளை ஹார்டனருக்கு முன்பே, கலவை சூடாக இருக்கும்போதே இழுத்துவிடு. டெட்டாவை ஆறிய பிறகே ஊற்று. சூட்டில் ஊற்றினால் கிண்ணத்திலேயே புகைந்து இறுகும். இறுகுவதற்கு முன் அடுப்பில் வைக்காதே. ரெசின் இளகி, பிரித்த குழாய்கள் மறுபடி கூடிக்கொள்ளும்.

களிமண் பற்றிக் கேட்டிருந்தாய். 1980களில் டொயோட்டா ஆய்வகத்தார் நைலான்-6இல் 5%க்கும் குறைவான களிமண்ணைக் கலந்து, வெப்ப விலகல் வெப்பநிலையை (பாரத்தில் வளையத் தொடங்கும் சூடு) 65 டிகிரியிலிருந்து 150 அளவுக்கு ஏற்றினார்கள். அவர்கள் அரைத்துப் பிரிக்கவில்லை. களிமண் தகடுகளுக்கு நடுவிலேயே நைலானை வளரவிட்டு, அந்த வளர்ச்சியாலேயே தகடுகளைப் பிரித்தார்கள்.

கார்பன் இழைத் துணிக்குள் இந்த ரெசினை வெற்றிடத்தால் இழுக்க எண்ணாதே. துணி வடிகட்டியாகிக் குழாய்களை நுழைவாயிலிலேயே நிறுத்திவிடும். கையால் பூசு.

உலர்ந்த குழாய்ப் பொடியைப் புகைக்கூண்டுக்குள் எடை போடு, நுண்தூசியை வடிகட்டும் பி100 முகமூடியோடு. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் பரிந்துரைக்கும் வரம்பு காற்றில் கனமீட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான். சாம்பிளைத் தேய்ப்பதும் ஈரமான உப்புத்தாளில்.

அடுத்த கலவையில் ஒரு சொட்டை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே நசுக்கி, சாதாரண நுண்ணோக்கியில் படமெடுத்து அனுப்பு. கட்டியின் அளவைப் பார்த்துவிட்டு இன்னும் எத்தனை சுற்று அரைக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
ரவி