அந்த ஐந்தாம் மாடிக்குச் சென்று வாருங்கள்: நம் கத்தோலிக்க ஆலயப் பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குப் பேரவைத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

ஆண்டவர் இயேசுவின் பெயரால் வணக்கம்.

தவக்காலக் காணிக்கை உறை காணாமற்போனதும், ஆலயத்தைத் துப்புரவு செய்யும் அம்மாவைச் சந்தேகித்து அவரிடமிருந்து ஆலயச் சாவி வாங்கப்பட்டதும், உயிர்ப்புத் திருநாளான பாஸ்காவுக்கு அடுத்த வாரமே அந்த உறை குருவானவர் உடை மாற்றும் அறையின் அலமாரியில் பழைய பதிவேடுகளுக்கு அடியில் கிடைத்ததும் நீங்கள் அறிந்தவையே. அதன்பின் ஐந்து ஞாயிறுகள் கடந்துவிட்டன. இன்றுவரை உங்களில் ஒருவரும் அந்த அம்மாவிடம் சென்று மன்னிப்புக் கேட்கவில்லை. கேளுங்கள் என்று வேண்டவே இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சாவி போன பிறகும் பீடத் துணிகளைத் துவைக்கும் வேலை அவரைவிட்டுப் போகவில்லை. வேறு எவரும் முன்வராததால் துணிப்பை வாரந்தோறும் அவர் வீட்டுக்கே சென்றது. பெரிய வியாழனன்று, ஆண்டவர் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூரும் சடங்கில், பன்னிரண்டு பேரின் பாதங்களைத் துடைத்த வெள்ளைத் துண்டுகள் அவர் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தவை. அறுபத்தெட்டு வயதில், மூட்டு வலியோடு, மின்தூக்கி ஓடாத அடுக்குமாடியில் அந்தப் பையைச் சுமந்து ஐந்து மாடி ஏறி இறங்கியிருக்கிறார். அன்றிரவு அவர் ஆலயத்துக்குள் வரவில்லை. பக்கக் கதவருகே நின்று சடங்கைப் பார்த்துவிட்டு, நற்கருணை வாங்காமலே பேருந்து பிடிக்கப் போய்விட்டார். அவரைக் கண்டும் உள்ளே அழைக்காதவர்களில் நானும் ஒருவன்.

இதைப் பேரவையில் எழுப்பியபோது, கிறிஸ்தவர்கள் மன்னிக்கக் கற்க வேண்டும், அந்த அம்மாவும் மறந்துவிடட்டும் என்று பதில் வந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. எழுபது தடவை ஏழுமுறை மன்னிக்கச் சொன்ன அதே மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில், காணிக்கை செலுத்த வரும்போது நம்மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் அவரோடு ஒப்புரவாகப் போகும்படி ஆண்டவர் சொல்கிறார். புண்படுத்தியவரே எழுந்து நடக்க வேண்டும். நாமோ மன்னிப்பையும் ஊழியத்தையும் எளியவர்கள் தலையிலேயே சுமத்திவிட்டோம். பங்கு விருந்து முடிந்தால் சட்டி கழுவ எப்போதும் அதே மூன்று பெண்கள். பாதம் கழுவும் நாற்காலிகளில் ஆண்டுதோறும் பொறுப்பாளர்களும் நன்கொடையாளர்களும். 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் ரோமிலுள்ள இளையோர் சிறையில் கைதிகளின் முன் மண்டியிட்டு அந்தச் சடங்கை நிறைவேற்றினார். 2016இல் பெண்களின் பாதங்களையும் கழுவலாமென்று விதியையே திருத்தினார். தம்மைக் காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசின் பாதங்களையும் ஆண்டவர் கழுவினார். குற்றமே செய்யாத ஒருவரை நாம் கதவுக்கு வெளியே நிற்க வைத்தோம்.

சென்ற வாரம் அந்த அம்மாவைப் பார்க்கச் சென்று, வாய் திறவாமல் இருந்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். மைலோ கலக்கிக் கொடுத்தார். "விடுங்க தம்பி, யார் மேலயும் எனக்குக் கோபமில்ல. ஆனா நான் எடுக்கலன்னு பூசையில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.

வேதனையில் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். நான் பணிவோடு கேட்பது இதுதான்: தலைவரும் பொருளாளரும் நேரில் சென்று அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். சந்தேகத்தை எல்லார் காதிலும் விழும்படி பேசியதுபோலவே, அவர் குற்றமற்றவர் என்பதையும் ஞாயிறு திருப்பலி அறிவிப்பில் எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள். ஜூலை 26 புனித அன்னம்மாள் பெருவிழாவுக்காகப் பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாமில் உள்ள அவர் ஆலயத்துக்குச் செல்லும் பேருந்துக்குப் பெயர்கள் எழுதப்படுகின்றன. காணிக்கையோடு அங்கே புறப்படுமுன் அந்த ஐந்து மாடிகளையும் ஏறிவிடுவோம். மாலை ஆறு மணிக்குமேல் அந்த அம்மா வீட்டில் இருப்பார். துணைக்கு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
பங்கு உறுப்பினர் ஒருவர்,
கோலாலம்பூர்